அம்மாவின் கால் அளவு

லிஃப்ட் நான்காவது மாடியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. அளவு அக்கா அதற்காகக் காத்திருக்கவில்லை. சுருட்டிய காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிகளில் பாய்ந்தாள்.

முதல் மாடித் திருப்பத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "என்னக்கா, எங்கேயாவது தீ கீ பிடிச்சிடுச்சா?"

"மணி என்ன?"

"எட்டு அம்பது. ஈரம்க்கா, பார்த்து! விழுந்தா உங்களுக்கு யாரு அளவெடுக்கிறது?"

ஒன்பதுக்கு ஆபரேஷன். பத்தே நிமிஷம். அதற்குள் மூன்றாவது மாடியில் ஒரு கதவைத் திறக்க வைத்து, ஒரு சர்ஜனை நிறுத்தி, நாலு வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு பொய்யை ஒப்புக்கொண்டாக வேண்டும். வேலை போகலாம். போனால் போகட்டும். ஒன்பது வயதுப் பெண் குழந்தையின் கால் போய்விடக் கூடாது.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், பிசியோதெரபி அறைக்குப் பின்னால் இருக்கும் காலணிப் பட்டறைதான் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், சர்க்கரையில் விரல் இழந்தவர்கள் என்று கடையில் செருப்பு கிடைக்காத அத்தனை பேருக்கும் அளவெடுத்துச் செய்து கொடுப்பவள். பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. டாக்டர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அளவு அக்காதான். வருகிறவர்களின் முகம் அவளுக்கு ஞாபகமிருக்காது. கால் மறக்காது.

அப்படிப்பட்டவள் ஒரு காலைப் பார்க்காமலே விட்டிருந்தாள். அதுதான் இப்போது அவளைத் துரத்திக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவள் வார்டுக்குப் போயிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டோடு போட்டுக்கொள்ள ஒரு திறந்த செருப்பு. வாலுவுக்கு.

வாலு என்பது அந்தக் குழந்தைக்கு வார்டு வைத்த பெயர். பிறக்கும்போதே அவளுடைய இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் மற்றதைவிடப் பருமனாக இருந்தன. குழந்தை ஒரு மடங்கு வளர்ந்தால் அந்த விரல்கள் இரண்டு மடங்கு வளர்ந்தன. எலும்பு, கொழுப்பு, தோல், நகம் எல்லாமே. யாருடைய குற்றமும் இல்லை, பரம்பரையும் இல்லை, கருவில் ஏதோ ஓர் உயிரணுவுக்குள் நடந்த குளறுபடி என்றார் சர்ஜன். மூன்று வயதில் ஒரு தடவை திறந்து, அதிகப்படிச் சதையை எடுத்து, பாதத்தை ஒடுக்கினார்கள். ஆனால் நீளம் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாலு பட்டறைக்கு வருவாள். வலது காலுக்கு ஒரு அளவு, இடது காலுக்கு வேறு அளவு. ஒரே நிறத்தில், ஒரே மாதிரிப் பட்டி வைத்து, பார்க்கிறவர்களுக்கு ஜோடி மாதிரித் தெரிய வேண்டும். அதில்தான் அளவு அக்காவின் கைவரிசை.

இரண்டு பெரிய விரல்களுக்கும் வாலு பெயர் வைத்திருந்தாள். நீளமானது பெரியப்பா. அடுத்தது சித்தப்பா.

இன்று அந்தப் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முற்றுப்புள்ளி வைக்கும் நாள். குழந்தைகளின் எலும்பு ஒரு மெல்லிய குருத்துத் தட்டிலிருந்துதான் நீளும். அந்தத் தட்டைத் துளைத்து மூடிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு நூல்கூட வளராது. மூடியதைத் திறக்கவும் முடியாது. அதனால் எப்போது மூடுவது என்பதுதான் முழு வித்தையும். சீக்கிரம் மூடினால், மற்ற விரல்கள் வளர்ந்து முந்திவிடும். தாமதமானால், மற்ற விரல்கள் எட்ட முடியாத நீளத்துக்கு இது போய்விடும், அப்புறம் வெட்டுவதுதான் வழி.

சர்ஜனின் கணக்கு எளிமையானது. எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார். ஆனால் கடைசியில் அவர் கையில் எடுப்பது ஒரு காகிதம். பெண் குழந்தை என்றால் அம்மாவின் கால். மகள் பெரியவளானால் அவள் பாதம் ஏறக்குறைய அம்மாவின் அளவில்தான் வந்து நிற்கும். எனவே அம்மாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து ஃபைலில் வைத்துக்கொள்வார். வீங்கி வளரும் விரல் என்றைக்கு அந்தக் கோட்டைத் தொடுகிறதோ அன்றைக்கு மூடிவிடுவார்.

போன மாதம் பெரியப்பா கோட்டைத் தொட்டுவிட்டார்.

அந்தக் காகிதத்தை எடுக்க வேண்டியது அளவு அக்காவின் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால், ஏகப்பட்ட கூட்டத்தில், வாலுவின் அம்மா வந்து நின்றாள். பாட்டில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள், இரும்பு மூக்கு வைத்த கம்பெனி பூட்ஸ் போட்டிருந்தாள். "கழட்டினா மாட்ட கால் மணி நேரம் ஆகும்க்கா. பேப்பரைக் குடுங்க, வீட்டுல வரைஞ்சு கொண்டு வந்துடறேன்." பின்னால் பதினேழு பேர் வரிசை. அளவு அக்கா பேப்பரைக் கொடுத்துவிட்டாள். பத்து நாள் கழித்து நல்ல சுத்தமான கோட்டோடு காகிதம் திரும்பி வந்தது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, விரல் நுனிகளை எல்லாம் புள்ளி வைத்துக் குறித்து, சொல்லிக் கொடுத்தபடியே. பதிவேட்டில் 'நேரில் எடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் அளவு அக்கா.

இன்று காலை, வார்டு வாசலில், தள்ளுவண்டியோடு சேர்ந்து அந்த அம்மா நடந்து போனாள். ஆபரேஷன் தியேட்டர் வரை வருகிறவர்கள் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி கொடுக்கும் ரப்பர் செருப்பைத்தான் போட வேண்டும். குதிகாலில் நம்பர் அச்சடித்த பச்சைச் செருப்பு.

நம்பர் நாலு. பெரியவர்களுக்கு இருப்பதிலேயே சின்னது. அதிலும் குதிகாலுக்குப் பின்னால் இடம் மிச்சம்.

ஃபைலில் இருக்கும் கால் அளவு அக்காவுக்கு மனப்பாடம். இருபத்தைந்தரை சென்டிமீட்டர். அந்தக் கால் இந்தச் செருப்புக்குள் பாதி கூட நுழையாது.

பட்டறைக்கு ஓடினாள். அங்கே வைத்திருந்த அந்தக் காகிதத்தின் நகலை எடுத்தாள். அளந்தாள். அதே இருபத்தைந்தரை. கண் ஏமாறவில்லை.

மூன்றாவது மாடி. தியேட்டர் வாசலில் தரையில் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தியேட்டர் சிஸ்டர், இடுப்பில் கை.

"கோட்டைத் தாண்டாதீங்க! வெளிச் செருப்போட எங்க வரீங்க?"

"வாலுவுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. இப்பதான் உள்ள கூப்பிடப் போறோம். ஏன், செருப்பு சின்னதாப் போச்சா?"

"சர்ஜனைக் கூப்பிடு."

"கை கழுவிட்டிருக்காரு. நடுவுல கூப்பிட்டா என்னைத்தான் கடிச்சுத் துப்புவாரு."

"துப்பட்டும். நீ கூப்பிடலைன்னா நான் இந்தச் செருப்போடவே உள்ள வருவேன்."

இருபது வருஷத்தில் அளவு அக்கா குரலை உயர்த்தி சிஸ்டர் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடித் தடுப்பு போட்ட காத்திருப்பு இடம். தள்ளுவண்டியில் வாலு, தலையில் காகிதத் தொப்பி. பக்கத்தில் அவளுடைய அம்மா. அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர். இந்த நேரம் எங்கோ தண்டவாளத்தில் இருப்பார், சாயங்காலம்தான் வருவார்.

"அளவு அக்கா!" வாலு எழுந்து உட்கார்ந்தாள். "ஏன் உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது? பெரியப்பாவை வழியனுப்ப வந்தீங்களா?"

"அவரு எங்கடி போறாரு? இங்கதானே இருக்கப் போறாரு."

"அதான் அம்மாவும் சொன்னாங்க. வெட்ட மாட்டாங்களாம். இனிமே வளரக் கூடாதுன்னு கண்டிச்சு மட்டும் விடுவாங்களாம்." வாலு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சித்தப்பா அழறாரு. பெரியப்பா சும்மா முறைச்சுக்கிட்டு இருக்காரு."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். அவள் கண் அளவு அக்காவின் அக்குளில் இருந்த காகிதத்தில் விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

சர்ஜன் வந்தார். ஈரக் கைகள் இரண்டையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி. பின்னாலேயே கருவித் தட்டோடு சிஸ்டர். "நீங்க ஓடி நான் பார்த்ததே இல்ல. சொல்லுங்க."

"சார், அம்மா கால் பேப்பர் தப்பு. அது அவங்க கால் இல்ல."

"என்னது?"

"நான் நேர்ல எடுக்கல சார். வீட்டுக்குக் குடுத்தனுப்பினேன். பதிவேட்டுல பொய் எழுதிட்டேன்."

சொல்லிவிட்டாள். சிஸ்டரின் கையிலிருந்த கத்திரிக்கோல் தட்டில் விழுந்து சத்தம் போட்டது. சர்ஜன் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகக் கைகளைக் கீழே இறக்கினார். அந்தக் கைகளால் இனி தியேட்டருக்குள் எதையும் தொட முடியாது, மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும்.

"அம்மாவைப் பக்கத்து ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு வெள்ளைப் பேப்பர் எடுங்க. என் கண் முன்னால வரையுங்க."

பக்கத்து அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டி. கதவு கண்ணாடி. அதன் வழியே வாலு தெரிந்தாள். கதவு முழுக்க மூடவில்லை.

அளவு அக்கா தரையில் மண்டியிட்டாள். பச்சைச் செருப்பிலிருந்து அந்த அம்மாவின் இடது கால் வெளியே வந்தது. சின்னக் கால். காகிதத்தின் மேல் வைக்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலில் ஆரம்பித்துச் சுற்றி வந்தாள்.

அளவுகோலை வைத்தாள். "இருபத்திரண்டு சார். அதுக்கும் ஒரு நூல் கம்மி."

சர்ஜன் பழைய காகிதத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்து, புதியதை அதன் மேல் வைத்தார். பெரிய காலுக்குள் சின்னக் கால், வீட்டுக்குள் வீடு மாதிரி. மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். பிறகு வாலுவின் பாதம் வரைந்த தாளை இரண்டுக்கும் மேல் வைத்தார். பெரியப்பாவின் நுனி பழைய கோட்டை அளந்து வைத்த மாதிரித் தொட்டது. புதுக் கோட்டை எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

சர்ஜன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"யார் காலும்மா இது?" என்றார் சர்ஜன்.

அந்த அம்மா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "தெரியல சார். ஏதோ... தப்பா வரைஞ்சிருப்பேன்."

"தப்பா வரைஞ்சா ரெண்டு மில்லிமீட்டர் தப்பும். மூணரை சென்டிமீட்டர் தப்பாது. வீட்டுக்காரர் காலா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு? பக்கத்து வீட்டுக்காரங்களா? விளையாட்டா இது?"

அளவு அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பித்தானே பேப்பரைக் குடுத்தேன்! வேலை அலுப்புல எவ காலையோ வரைஞ்சு கொண்டு வந்துட்டியா? பெத்த பொண்ணும்மா அது! உன் காலை வைக்க உனக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கலையா?"

அந்த அம்மா அடிபட்டவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். உதடு திறந்தது. மறுபடி கண் கதவுக்குப் போனது. உதடு மூடிக்கொண்டது.

பயந்திருக்கிறாள் என்று நினைத்தாள் அளவு அக்கா. தப்பு செய்தவர்கள் வாசலைத்தான் பார்ப்பார்கள்.

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "சரி, யார் காலா வேணும்னாலும் இருக்கட்டும். இப்ப நிலைமையைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் இடிக்குது. அவளோட நல்ல கால், வலது கால், அதுவே வயசுக்குக் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கு. ஆனா அதை மட்டும் நம்பி நான் முடிவெடுக்க முடியாது. உங்க கால் இருபத்திரண்டு. அவ காலும் அங்கதான் வந்து நிற்கும்னு வெச்சா, அந்த ரெண்டு விரலும் ஏற்கெனவே ரெண்டு மூணு சென்டிமீட்டர் அதிகம். வெறுமனே மூடிப் பிரயோஜனம் இல்ல. செருப்புக்குள்ள அடங்காது, நடந்தா இடிக்கும், புண்ணாகும்."

"அப்ப என்ன சார் பண்ணுவீங்க?"

"நுனி எலும்பை எடுக்கணும். ரெண்டு விரல்லயும். நகம் போயிடும்."

"வெட்டுறதா?"

"ஆமா."

"வேற நாள் பார்க்கலாமா சார்? கொஞ்சம் யோசிச்சு..."

"தாராளமா. ஆனா யோசிக்கிற ரெண்டு மாசத்துல அது இன்னும் வளரும். இந்தக் கால்தான் அளவுன்னா, இன்னிக்கோ அன்னிக்கோ வெட்டித்தான் ஆகணும். வெட்டினதை நான் ஒட்ட முடியாதும்மா. அதனால மறுபடி கேட்கிறேன். அந்தப் பழைய பேப்பரைப் பத்தி எனக்குச் சொல்ல வேண்டியது எதாவது இருக்கா?"

அந்த அம்மா தலையை ஆட்டினாள். இல்லை.

சிஸ்டர் புதுப் படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பழைய படிவத்தில் 'வளர்ச்சியை நிறுத்துதல்' என்று இருந்த இடத்தில், இதில் 'விரல் நுனிகளை அகற்றுதல்'. மூன்று சொல்தான். பொய்யை ஒப்புக்கொண்டால் குழந்தை தப்பிக்கும் என்றுதானே அளவு அக்கா ஓடி வந்தாள்? ஓடி வந்தது வெட்டுவதற்கா? படியில் விழுந்து தொலைத்திருக்கக் கூடாதா?

அந்த அம்மா பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தைப் போட்டாள்.

கதவிடுக்கு வழியாக வாலுவின் குரல் வந்தது. வார்டு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "வலிக்காதாம் ஆயா. எங்க அம்மா சொல்லிட்டாங்க. எங்க அம்மா என்கிட்ட ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்ல, தெரியுமா?"

பேனா நின்றது.

அப்படியே நின்றது. அந்த முகத்திலிருந்து ரத்தம் மொத்தமும் இறங்கிப் போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். சிஸ்டர் ஓர் அடி முன்னால் வந்தாள், மயங்கி விழுந்தால் தாங்கிக்கொள்ள. அவள் விழவில்லை. பேனாவை மூடி படிவத்தின் மேல் வைத்தாள்.

"சிஸ்டர், குழந்தையைக் கொஞ்சம் அந்தக் கோடிக்குத் தள்ளிட்டுப் போறீங்களா?"

"எதுக்கும்மா?"

"நான் பேசுறது அவ காதுல விழக் கூடாது."

சிஸ்டர் சர்ஜனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். வண்டிச் சக்கரங்கள் உருண்டு போகும் சத்தம். "எங்க போறோம்? அம்மா வரலையா?" என்ற கேள்வி நடைபாதையில் தேய்ந்து மறைந்தது. அந்த அம்மா எழுந்து போய்க் கதவை அழுத்தி மூடினாள். மூடிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"பழைய பேப்பர்தான் சரி சார். அதை வெச்சே பண்ணுங்க. வெட்டாதீங்க."

"அது உங்க கால் இல்லைன்னு இப்பதானே..."

"என் கால் இல்ல. ஆனா அதுதான் சரியான கால்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அம்மா கால் வேணும்னு நீங்க சொன்ன அன்னிக்கு, வாலு என் மடியில உட்கார்ந்திருந்தா. அவ முன்னால என்னால எதுவும் சொல்ல முடியல. அதான் பேப்பரை வாங்கிட்டுப் போனேன். லீவு போட்டேன். ஒரு ராத்திரி ஒரு பகல் பஸ். அட்ரஸ் மாறியிருந்துச்சு. விசாரிச்சு விசாரிச்சு மூணு தெரு அலைஞ்சு கண்டுபிடிச்சேன். இனிமே அவங்க வாசல்ல வந்து நிற்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தவ சார் நான். கதவைத் தட்டுறதுக்கு முன்னால எதிர்த்தாப்புல அரை மணி நேரம் நின்னேன்."

அளவு அக்கா தரையிலிருந்து எழுந்திருக்க மறந்திருந்தாள்.

"கதவைத் திறந்தாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சுது. கதவைச் சாத்தப் போனாங்க. 'உள்ள வரல, ஒண்ணும் கேட்கல, ஒரே ஒரு நிமிஷம் இந்தப் பேப்பர் மேல நில்லுங்க'ன்னேன். ஏன்னு கேட்டாங்க. குழந்தை காலுக்குன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்கல. வாசப்படியிலேயே செருப்பை விட்டுட்டு ஏறி நின்னாங்க. அக்கா சொல்லிக் குடுத்த மாதிரியே பென்சிலை நேராப் பிடிச்சு வரைஞ்சேன். நல்ல உயரம் அவங்க. பெரிய கால். வரைஞ்சு முடிச்சு நிமிர்ந்தா, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க."

சர்ஜன் வெளிச்சப் பெட்டியை ஒரு முறை பார்த்தார். பெரிய கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பெரியப்பாவை. பிறகு அந்த அம்மாவை. அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"யாரும்மா அவங்க?"

"வாலுவைப் பெத்தவங்க சார். பிறந்து இருபதாவது நாள் அவளை என் கையில குடுத்தவங்க."